மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான குளங்கள்

கோட்டாறு கம்போளத்துக்குப் பின்னால்
மாடியில் எங்கள் அலுவலகம்.
கீழே வத்தல்மிளகாய் மூட்டை இறங்கும்போதெல்லாம்
வரைபடத்தின் மேல் தும்முகிறோம்.

இடது திரையில் பேரேடு.
திருவிதாங்கூர்க் காலத்துக் கையெழுத்தை
யாரோ அவசரமாய்த் தட்டச்சிட்டது.
வலது திரையில் வானத்திலிருந்து பார்த்த
நீலத் துண்டுகள்.
அந்தப் பெயரை இந்தப் பெயரோடு கோக்க வேண்டும்,
திங்கட்கிழமைக்குள்.

எந்த மொழியில் கோக்க?
மென்பொருள் சின்னதாக ஒரு பெட்டி திறந்து
மூன்று பெயர் நீட்டியது.
முதலாவது எனக்கு நன்றாகத் தெரியும்,
பெற்ற கம்பெனியே கைகழுவிவிட்டது.
இரண்டாவது ஜாவாஸ்கிரிப்ட்.
மூன்றாவது பைத்தான்,
ஓர் இடைவெளி பிசகினாலும் முகம் திருப்பிக்கொள்ளும்.
பட்டியலிலேயே இல்லாத பெர்லுக்காக
லிஜின் வாதாடினான்.
"எழுத்துப் பொருத்தம்னா அதாக்கும் அண்ணா.
ஒத்த வரி.
பத்து நாள் கழிச்சு எழுதினவனுக்கே வெளங்காது,
அது வேற காரியம்."
சர்வே தாணுலிங்கம் ரசவடையைப் பிட்டபடி
"கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தந்தான் பாக்காவ" என்றார்.

மூன்றுக்கும் ஒரே சோதனை வைத்தேன்:
புத்தன்குளம், புத்தங்குளம்.
கு வந்து நின்றால் ன் போய் ங் ஆகும்,
ஆறாம் வகுப்பில் அடிவாங்கிப் படித்தது.
சதுர அடைப்புக்குள் இரண்டையும் போட்டேன்.
புள்ளியைத் தனியே பிய்த்து வைத்துவிட்டு
ன ஒன்று, ங ஒன்று, புள்ளி ஒன்று
என்று எண்ணின மூன்றும்.
சதுரத்தை விட்டு வளைவுக்கு மாறினேன்,
நடுவில் ஒரு நிலைக்கோடு.
அப்புறம்தான் ஒரே குளம் என்று ஒத்துக்கொண்டன.
கொல்லங்குளம் ஒரு முழு மதியத்தைத் தின்றது.
பார்வைக்கு ஒரே கொ.
உள்ளே ஒன்றில் முழுசாக இருந்தது,
மற்றதில் கெ-யும் காலுமாகப் பிரிந்து கிடந்தது.

சாயங்காலம் கோத்துப் பார்த்தால்
வரிசை ஆயிரத்துக்கு மேல் வீங்கியிருக்கிறது.
மாவட்டத்தில் அத்தனை தண்ணீர் இல்லை.
தேடினேன்.
பேரேட்டில் முப்பத்தேழு இடத்தில்
பெயர் இல்லை என்று எழுதியிருக்கிறது.
படத்தில் இருபத்தொன்பது இடத்தில்
பெயர் இல்லை.
ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் கைகோத்து
ஆயிரத்து எழுபத்து மூன்று ஜோடி,
பொருத்தம் நூற்றுக்கு நூறு.
அன்று முழுக்க வேறெதற்கும்
அந்த மதிப்பெண் கிடைக்கவில்லை.

பெயர் இல்லையென்றால் தாண்டிப் போ
என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.
எழுதும்போது மெர்லின் ஷைனி எட்டிப் பார்த்தாள்.
"இது இரணியல் பக்கம் எங்க வீட்டுக்கு மேக்கால கெடக்கது சார்."
பேர் என்ன?
"குளம்."
எந்தக் குளம்?
"குளந்தான். ஒண்ணுதானே கெடக்கு."

அறிக்கையில் பைத்தான் என்று எழுதினேன்.
காரணம்: நூலக வசதி, நீண்டகால ஆதரவு.
எழுதாத காரணம்,
ஆவணியில் நான் மாற்றலாகிப் போனபின்
இதைத் திறக்கப் போகிறவள் மெர்லின்,
அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.
தாண்டச் சொல்லும் வரிக்கு மேலே
இயந்திரம் படிக்காத வரி ஒன்றும் சேர்த்தேன்:
# 1846: குளம். மெர்லினைக் கேட்கவும்.

லிஜின் கேட்கவில்லை.
தன் மடிக்கணினியில் பெர்லில் முடித்தான்.
ஒத்த வரிதான்.
என்னுடையதைவிட நாலு குளம் கூடுதல்.
எந்த நாலு என்று
மழை விட்ட பிறகும்
இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.